எங்கள் மாரடிக்கு ஆடினார்கள்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன். எஹலியகொட டவுனில் தையல் கடை வைத்திருக்கிற எனக்கு அது பாதுகாப்பு. கடைக்கு வருகிறவர்களுக்கும் பாதுகாப்பு. இதை எழுத உட்காரும் முன்பும் அதைத்தான் செய்தேன். கத்தரிக்கோல் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. லாச்சியைப் பூட்டியும் விட்டேன்.

கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். அதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு வரலாறு என்று ஒன்று சொல்வார்கள். இசைத்தட்டு வந்த கதை, சினிமாப் பாட்டு ஊரைப் பிடித்த கதை, ஒரே ராத்திரியில் பெரிய ஆளாகிப்போன பாடகரின் கதை. நானும் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பேன். என் காதால் கேட்ட வரலாறு என்று எனக்கும் ஒன்று உண்டு. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது எங்கள் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளிலேயே கங்காணி வீட்டில் மட்டும்தான் ரேடியோ. ஜன்னலில் வைப்பார்கள், நாங்கள் வாசலில் நின்று கேட்போம். பிறகு பாட்டுக் கெசட் வந்தது. கோயில் திருவிழாவுக்கு மரத்தில் கட்டின லவுட்ஸ்பீக்கர் வந்தது. பஸ்ஸுக்குள் பாட்டு ஏறியது. கடைசியில் எல்லாம் சுருங்கிப் போனுக்குள் போய்விட்டது.

இந்த வரிசையில் ஒப்பாரியை யாரும் சேர்த்ததில்லை. நாங்களும் சேர்த்ததில்லை. அது செத்த வீட்டில் பிறந்து, பெட்டி வாசலைத் தாண்டும்போது முடிந்துவிடும். எங்கள் பெண்கள் அதைத் திரும்பப் பாடமாட்டார்கள். தனியாகச் சோறு பொங்கும்போது வாய்க்குள் முணுமுணுக்கக்கூட மாட்டார்கள். விளக்கு வைக்கிற வீட்டில் ஒப்பாரி பாடினால் அடுத்த சாவை வா என்று கூப்பிடுகிற மாதிரி. இது ஒன்றும் பெரிய தத்துவம் இல்லை. கக்கூசுக்குப் போட்ட செருப்போடு சாமியறைக்குள் போகாதே என்பது போல ஒரு சாதாரண ஒழுங்கு.

அந்த ஒழுங்கு தெரியாதவர்கள் கையில் எங்கள் ஒப்பாரி ஒன்று போய் மாட்டியது. அதுவும் என் அக்காவின் ஒப்பாரி.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது கரவனெல்லப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். மச்சான் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அக்கா பால் வெட்டித்தான் இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினாள். மூத்தவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இளையவன் தாயைப் போலவே பால் வெட்டுக்குப் போனான். பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்துவிட்டு, விடிகிறபோதே மரத்துப் பட்டையைக் கத்தியால் கீறிவிட்டால் கீழே கட்டின சிரட்டையில் பால் சொட்டும். தன் பங்கு மரங்களை எல்லாம் வெட்டிவிட்டு, பிறகு வாளியோடு திரும்பிப் போய்ச் சிரட்டைப் பாலைச் சேர்க்க வேண்டும். அதுதான் வேலை.

தோட்டத்து எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மரவள்ளிக் கொல்லை இருந்தது. காட்டுப் பன்றி வருகிறதென்று யாரோ எல்லையோரம் கரண்ட் கம்பி இழுத்து வைத்திருந்தார்கள். விடிந்ததும் நிறுத்த மறந்துவிட்டார்களாம். மறந்துவிட்டார்களாம்! வீட்டில் லைட்டை அணைக்க மறந்த மாதிரி சொன்னார்கள். பாதி மரம் வெட்டிவிட்டு அடுத்த வரிசைக்குத் தாண்டின பிள்ளை அந்தக் கம்பியில் விழுந்தான். வழக்கு நடக்கிறது. நடந்துகொண்டே இருக்கிறது.

அவன் வெட்டின மரங்களில் அன்று சிரட்டை நிறையப் பால் நின்றது. எடுக்க ஆளில்லை. பின்னேரம் அக்கா பிள்ளை விழுந்த இடத்தைப் பார்க்கப் போனபோது அது சிரட்டையிலேயே கட்டியாகிக் கிடந்ததைப் பார்த்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டி வந்தது. லயத்துப் பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு வட்டமாக உட்கார்ந்தோம். அக்கா எடுத்தாள்.

"வெள்ளனயே எந்திரிச்சு வெட்டுக்குப் போன தொர
வெட்டுக்கத்தி மரத்திலிருக்க வெறுங்கையா வந்தியே

செரட்டையெல்லாம் பால் நெறஞ்சு காத்திருக்கு ராசா
சிந்தாம எடுத்து வர எந்திரிய்யா ராசா

எந்திரி என் ராசா எதிர்மலையும் வெளுத்திருச்சு
பெரட்டுக்கு நேரமாச்சு பேசாமக் கெடக்கியே"

யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. அவள் கண்ணால் கண்டது அது. ஒவ்வோர் அடி முடிகிற இடத்திலும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து மாரில் இரண்டு அடி அடித்தோம். அவள் மூச்சு வாங்குகிற இடத்தில் ஒன்று. கூலிக்கு மாரடிக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டே, நாங்கள் அன்று கூலிக்கு அடிக்கவில்லை. மறுநாள் எனக்கு நெஞ்செல்லாம் கன்றிப்போய், நேராக நின்று துணி வெட்ட முடியவில்லை.

மகள் வரவில்லை. குவைத்தில் வீட்டுக்காரி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. அதனால் பக்கத்து வீட்டுத் தங்கச்சி தன் போனில் லைவ் போட்டுப் பெட்டியின் தலைமாட்டில் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது எங்கள் தோட்டங்களில் இதுவும் ஒரு சடங்காகிவிட்டது. டுபாய், கட்டார், குவைத் என்று போனவர்களுக்குத் தலைமாட்டில் ஓர் இடம் விடுவோம். அந்த இடத்தில் போன் மட்டும்தான் நிற்கும். அழ வருகிறவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், பிறகு போனைப் பார்த்தும் இரண்டு வார்த்தை சொல்லி அழுவார்கள். மகள் குவைத்தில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் வாயில் துவாயை வைத்துக்கொண்டு பார்த்தாளாம்.

கடைசியில் அக்கா போன் பக்கம் திரும்பினாள். மகளைக் கூப்பிட்டு, அவளுக்கென்றே சில அடிகள் பாட எடுத்தாள். முதல் வார்த்தை வாயிலிருந்து வந்ததும் போனைப் பிடித்திருந்த பிள்ளை உதட்டைக் கடித்தாள். டேட்டா முடிந்துவிட்டது. அந்த மலையிலிருந்து ரீலோட் போட ஓடினாலும் கடைக்குப் போய் வர நேரமாகும். ஒப்பாரியை நிறுத்தி வைக்கவும் முடியாது. அக்கா கறுத்துப்போன போனைப் பார்த்தே பாடி முடித்தாள். நாங்கள் அதற்கும் மாரடித்தோம். பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

லைவ் போட்ட அந்தத் தங்கச்சி பாவம். சொந்தக்காரர்களுக்கு மட்டும் என்று போடாமல், ஊர் உலகத்துக்கே தெரிகிற மாதிரி போட்டுவிட்டாள். அவசரத்தில் எந்த பட்டனைப் பார்த்தாளோ. அதைப் பார்த்த யாரோ கண்ணீர் அஞ்சலி என்று பூப்படம் வைத்துப் பரப்பினார்கள். இன்னொருவர் படத்தை விட்டுவிட்டுச் சத்தத்தை மட்டும் எடுத்துப் பரப்பினார். அதற்குமேல் அது எந்தெந்தக் கையில் போனதோ, எங்களுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் ஒருநாள் அக்காவைப் பார்க்கப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நல்ல கூட்டம். கொண்டக்டர் "இஸ்ஸரஹாட்ட யன்ன, இஸ்ஸரஹாட்ட" என்று எல்லோரையும் முன்னே தள்ளிக்கொண்டிருந்தார். பாட்டு ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கியது. டப் டப், டப் என்று ஒரு தாளம். பின்சீட்டுப் பையன்கள் "ஓ" என்று கத்தினார்கள். தாளத்துக்கு நடுவே சின்னதாக ஒரு கிளுங். எங்கேயோ கேட்ட சத்தமாக இருந்தது. என் கையைப் பார்த்தேன். என் கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளி வளையல் இரண்டும் மணிக்கட்டில் கழற்ற வராமல் கிடக்கின்றன. நான் கையை ஓங்கும்போதெல்லாம் ஒன்றோடொன்று மோதும்.

அதற்குப் பிறகு அக்காவின் குரல் வந்தது. "எந்திரி என் ராசா." குரலை இழுத்து, வேகமாக்கி, கிண்டல் செய்கிற மாதிரி நெளித்திருந்தார்கள். எந்திரி, எந்திரி, எந்திரி என்று திரும்பத் திரும்ப. அதன்மேல் ஓர் ஆண்குரல் ஏறி, ஆடு ஆடு, கையைத் தூக்கு என்றது. பஸ்ஸில் ஆட்கள் தலையை ஆட்டினார்கள். மடியில் குழந்தையை வைத்திருந்த ஒரு பெண் அதன் கையைப் பிடித்துத் தாளத்துக்குத் தட்டவைத்தாள்.

நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். "ஓஃப் கரன்ன! ஓஃப் கரன்ன!"

கொண்டக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐ அக்கே? மேக்க தமய் தென் ஹிட் எக." ஏன் அக்கா, இப்போது இதுதானே ஹிட் என்கிறார். எனக்குச் சிங்களம் தமிழைப் போலவே வரும். கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேரோடு சிங்களத்தில்தான் சண்டை போடுகிறேன். அதற்குமேல் அன்று எனக்கு இரண்டு பாஷையும் வரவில்லை. மணியை இழுத்து, நடுவழியில் இறங்கி, மிச்சத் தூரம் நடந்தேன்.

அக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தது. பிரட்டுக்களத்தில் காலையில் ஆள் கூப்பிடுகிறபோது பொடியன்கள் போனில் போடுகிறார்களாம், அவளைக் கண்டதும் நிறுத்திவிடுகிறார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நிறுத்துறானுங்கன்னா தெரிஞ்சுதானே போடுறானுங்க? நீ ஒருத்தன் செவுட்டுலயாச்சும் விட வேணாமாக்கா?"

"எத்தன பேரு செவுட்டுலடீ விடுறது? பஸ்ஸுக்காரன் செவுட்டுலயா, கடக்காரன் செவுட்டுலயா?" என்றாள். "நான் இப்ப பஸ்ஸு ஏறுறதில்ல. அவ்வளவுதான்."

உண்மைதான். அக்கா பஸ் ஏறுவதை விட்டுவிட்டாள். டவுனுக்கு வேண்டுமானால் மலை இறங்கி நடக்கிறாள், சாமான் பையோடு மலை ஏறி நடக்கிறாள். ஒரு பாட்டு ஊரெல்லாம் பஸ்ஸில் போகிறது, அதைப் பாடினவள் ரோட்டோரம் நடக்கிறாள். ரேடியோவில் பாட்டு வரலாறு சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று எடுத்தவன் எடுத்தான். அதற்கு விளக்கம் சொல்லவும் ஆள் வந்தார்கள். ஒருநாள் டீவியில் படித்த மனிதர் ஒருவர், மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, இது ரப்பர்த் தோட்டத்துத் தொழிற்பாடல் என்றார். விடியற்காலையில் தொழிலாளர் ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு உற்சாகமாக வேலைக்குப் போகிற காட்சி என்றார். உழைப்பின் களிப்பு இதில் துள்ளுகிறதாம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வாய்வழியாக வந்திருக்க வேண்டுமாம். ஆக்கியவர் பெயர் தெரியவில்லையாம். அவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் ஆக்கினவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் பீலிக்கரையில் வரிசையில் நின்றிருப்பாள். நான் டீவியைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள்.

அந்தப் பாட்டுக்காரரையும் நேரில் பார்த்தேன். நான் தேடிப் போகவில்லை, அவரே என் கடைக்குள் வந்தார். எஹலியகொட மைதானத்தில் இசை நிகழ்ச்சி. சாயந்திரம் மேடை ஏற வேண்டிய நேரத்தில் அவருடைய கோட்டுத் தோள் பிரிந்துவிட்டது. மைதானத்துக்குப் பக்கத்தில் திறந்திருந்த தையல் கடை என்னுடையதுதான். கொழும்புப் பையன். நல்ல நிறம், நல்ல மரியாதை. முகத்தைப் போஸ்டரில் பார்த்திருந்ததால் உடனே தெரிந்துவிட்டது.

"அக்கா, இத கொஞ்சம் அவசரமா தச்சுத் தருவீங்களா?"

கோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். கத்தரிக்கோலைத் தள்ளி வைத்தேன்.

"அந்த எந்திரி பாட்டு நீங்கதானே போட்டீங்க?"

முகம் மலர்ந்துவிட்டது. "ஆமாக்கா. உங்களுக்கும் புடிக்குமா?"

"அந்தச் சத்தத்த எங்கேருந்து எடுத்தீங்க?"

"யாரோ அனுப்பின ஓடியோ அக்கா. பழைய நாட்டார் பாட்டு. பாட்டவிட எனக்கு அந்த பீட்தான் புடிச்சிச்சு. அப்படி ஒரு சத்தம் எந்த மெஷின்லயும் வராது. நீங்க இந்தப் பக்கத்து ஆள்தானே? அது என்ன மேளம்ன்னு தெரியுமா? நானும் எத்தனையோ பேர்ட்ட கேட்டுட்டேன்."

நான் எழுந்து நின்றேன். கோட்டு கீழே விழுந்தது. வலது கையை ஓங்கி என் மாரில் அடித்தேன். டப் டப். மூச்சு வாங்கி, டப். வளையல் கிளுங் என்றது.

"இந்த மேளந்தான்," என்றேன். "அது என் அக்கா மகன் செத்த வீடு. பாடினது அவனப் பெத்தவ. வளையல் என்னோடது. நல்லாப் பாத்துக்கங்க."

அந்தப் பிள்ளைக்கு முகத்தில் ரத்தமே இல்லை. சத்தியமாகத் தெரியாது என்றார். நம்புகிறேன். தெரியாமல் செய்தார். ஆனால் தெரிந்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் என் வழக்கு. பிறகு சொன்னார், "அக்கா, அம்மாட பேரச் சொல்லுங்க. பாட்டுக்குக் கீழ போட்டுடுறேன்."

"ஒப்பாரிக்கு யாரு தம்பி பேரு போடுவா? பேரு வேணாம். நிப்பாட்டுங்க."

"அது இப்ப என் கையில இல்லக்கா. கம்பெனிக்குக் குடுத்தாச்சு. நான் எடுத்தாலும் ஊரெல்லாம் ஆளாளுக்கு வச்சிருக்காங்க."

"இன்னைக்கு மேடையில பாடாம இருக்கிறது உங்க கையில இருக்குதானே?"

அவர் குனிந்து கோட்டை எடுத்துக்கொண்டார். நான் அதைத் தைத்துக் கொடுக்கவில்லை. கடையை அடைத்துவிட்டுப் போகாமல் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தேன். மைதானம் என் கடைக்குப் பின்பக்கம்தான். இருட்டும் முன்னே அந்தத் தாளம் கேட்டது. ஊரே ஓவென்று கத்தியது. தோள் பிரிந்த கோட்டோடு பாடினாரா, வேறு கோட்டோடு பாடினாரா என்று எனக்குத் தெரியாது.

இதெல்லாம் நடந்த பிறகுதான் மகள் குவைத்திலிருந்து வந்தாள். பலாங்கொடைப் பக்கத்து மாப்பிள்ளை, டவுனில் ஹார்ட்வெயார் கடையில் வேலை. இரண்டு பேரும் போனிலேயே பேசிப் பிடித்துப்போனது. கல்யாணத்தைப் பலாங்கொடையில் ஒரு ஹோலில் வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் டீஜே பிடித்திருந்தார்கள்.

அக்காவுக்கு ஒரே பயம், தான் அழுதுவிடக்கூடாது என்று. தாலி அறுத்தவள் கல்யாண வீட்டில் கண்ணைக் கசக்கினால் பேசுவதற்கு ஆயிரம் வாய் திறக்கும். மகள் வாழ்க்கையின் முதல் நாள், அவள் பெயரில் ஒரு சொல் விழக்கூடாது. எனக்கு வேறு பயம். காலையிலேயே டீஜேக்காரப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் பாட்டை மட்டும் போடக்கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. கல்யாண ஹோலில் நின்றுகொண்டு எந்த வாயால் அந்தக் காரணத்தைச் சொல்வது? "ஹரி அக்கே, ஹரி" என்று தலையாட்டினான்.

தாலி கட்டிச் சாப்பாட்டுப் பந்தி தொடங்கியதும் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் டீஜே மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். எந்திரி போடு, எந்திரி போடு என்று கத்தினார்கள். டீஜேக்காரன் என் பக்கம் ஒருமுறை பார்த்தான். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். கூட்டாளி ஒருவன் தன் போனையே ஸ்பீக்கரில் மாட்டிவிட்டான்.

டப் டப், டப்.

அன்று செத்த வீட்டில் வட்டமாக உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் அந்த ஹோலில்தான் இருந்தோம். பட்டுச் சேலையும் பூவுமாக. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். எங்கள் நெஞ்சில் நாங்கள் அடித்த அடி, ஹோல் சுவர் அதிர எங்களுக்கே திரும்பி வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பிள்ளைகள் துள்ளித் துள்ளி ஆடினார்கள். பந்தியில் இருந்தவர்கள்கூடத் தட்டில் தாளம் போட்டார்கள். நான் எழுந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து வளையலோடு சேர்த்து அழுத்தினாள்.

"கல்யாண வீட்ல வாயத் தொறக்காத."

"அக்கா..."

"ஒக்காரு. எம் மக வாழ்க்கடீ."

உட்கார்ந்தேன். அக்கா சபையைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் சித்தி ஒருத்தி அவளைப் பார்த்து, கை தட்டுங்க சம்பந்தி என்று ஜாடை காட்டினாள். அக்கா கை தட்டினாள். தன் பிள்ளையின் ஒப்பாரிக்கு, அடி பிசகாமல், டப் டப், டப் என்று கை தட்டினாள். அந்த ஹோலைக் கொளுத்தலாம் என்று இருந்தது. ஆடினவர்களை, தட்டினவர்களை, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை, எல்லோரையும் சேர்த்து.

மணமேடையில் மகள் அதைப் பார்த்துவிட்டாள். ஆடுகிறவர்களை அவள் பார்க்கவில்லை, தாயின் கையைப் பார்த்தாள். மாலையோடு எழுந்தாள். படியிறங்கி, ஆடுகிறவர்களை விலக்கிக்கொண்டு போனாள். மணப்பெண் ஆட வருகிறாள் என்று எல்லோரும் விசில் அடித்தார்கள். அவள் நேராகப் போய் ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிப் போட்டாள்.

ஹோல் சட்டென்று அமைதியானது. அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"இது எங்க தம்பி செத்த வீட்ல எங்கம்மா பாடினது," என்றாள். "இதுக்கு ஆடாதீங்க."

அவ்வளவுதான் சொன்னாள். கத்தவில்லை, அழவில்லை. குவைத்துக் குளியலறையில் வாயில் துவாயை வைத்துக்கொண்டு அழுதவளுக்கு அழாமல் பேசவும் தெரிந்திருந்தது. கல்யாணத்தன்று செத்த வீடு என்று சொல்கிறாளே என்று அந்தச் சித்தி தலையில் கைவைத்தாள். முணுமுணுப்பு எழுந்தது. மாப்பிள்ளை மட்டும் மேடையிலிருந்து இறங்கி வந்து, பிடுங்கிக் கிடந்த வயரைக் கையில் சுருட்டிக்கொண்டு, மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். அவர் அங்கே நின்றதும் முணுமுணுப்பு கொஞ்சம் அடங்கியது. பிறகு பாட்டே இல்லாமல் பந்தி நடந்தது. கல்யாணம் கெட்டுப்போகவில்லை. பாயாசம்கூட மிச்சமில்லை.

மறுவீட்டு விருந்துக்குப் பிள்ளைகள் இரண்டு பேரும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். நானும் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் மகள் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னைக்கு எம் பக்கம் திரும்பி எனக்குன்னு ஏதோ பாட எடுத்தீங்க. பேரச் சொல்லிக் கூப்புட்டது மட்டுந்தான் கேட்டிச்சு. பொறகு கட்டாயிருச்சு. அந்தப் பாட்டு ஊரெல்லாம் கேக்குது. எனக்குள்ளது மட்டும் எங்கயும் இல்ல."

உண்மை. பாட்டுக்காரர் எடுத்ததும் லைவ் நின்ற இடம் வரைக்கும்தான். அதற்கு மேல் அவரிடமும் இல்லை, கம்பெனியிடமும் இல்லை.

"வீட்டுல பாடக்கூடாதுடீ," என்றாள் அக்கா.

"வீட்டுல வேணாம்மா."

தோட்டத்து மயானம் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு சரிவில் இருக்கிறது. எங்களில் பெண்கள் அங்கே போவதில்லை. அன்று போனோம். அக்கா, மகள், மாப்பிள்ளை, நான், அன்று மாரடித்த லயத்துப் பெண்கள், லைவ் போட்ட அந்தத் தங்கச்சி. புறப்படுகிறபோது நான் அக்காவின் பால் வாளியைத் தூக்கிக்கொண்டேன். மயானத்து விளிம்பில் அதை வைத்து, "போன எல்லாம் இதுல போடுங்க" என்றேன். குரலில் கொஞ்சம் அதிகாரம் ஏறியிருக்கும். யாரும் மறுக்கவில்லை. முதலில் போட்டது மாப்பிள்ளை. தங்கச்சி தன் போனை அணைத்து, அணைந்ததா என்று இரண்டு தரம் பார்த்துவிட்டுப் போட்டாள்.

மாப்பிள்ளை வாளியோடு தள்ளி நின்றுகொண்டார். பிள்ளையைப் புதைத்த இடத்தைச் சுற்றி நாங்கள் உட்கார்ந்தோம். தலைமாட்டில், அன்று போன் இருந்த இடத்தில், மகளை உட்கார வைத்தோம். அக்கா அவளைப் பார்த்துப் பாடினாள். அன்று கறுத்த போனைப் பார்த்துப் பாடின அதே அடிகளை, ஒரு சொல் மாறாமல் பாடினாள். நாங்கள் மாரடித்தோம். பஸ்ஸிலும் ஹோலிலும் கேட்டுக் கேட்டு அந்தத் தாளத்தின்மேல் எனக்கு ஓர் அருவருப்பே வந்திருந்தது. அன்று நெஞ்சில் கை விழுந்ததும் அது போய்விட்டது. மகள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் கையை ஓங்கித் தன் மாரில் அடித்தாள். முதல் தடவையாகத் தம்பிக்கு அடித்தாள்.

அந்த அடிகளை நான் இங்கே எழுத மாட்டேன். முன்பு எழுதினவை ஏற்கெனவே ஊர் கையில் இருக்கிறவை, அதனால் எழுதினேன். இது அவளுடையது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் என் கடைக்கு வந்தால் ஜாக்கெட்டுக்கு அளவெடுத்து அனுப்புவேன், வேறொன்றும் கிடைக்காது.

பாடி முடித்து மூச்சு வாங்குகிற நேரத்தில், வாளிக்குள் யாருடைய போனோ அடித்தது. அந்தத் தகர வாளிக்குள் இன்னும் சத்தமாகக் கேட்டது. டப் டப், டப். எந்திரி, எந்திரி, எந்திரி. எங்கள் பெண்களில் ஒருத்தி முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். மகன் மாற்றி வைத்த ரிங்டோனாம், அவளுக்கு அதை எடுக்கத் தெரியாதாம். நான் அவளைத் திட்டுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

அதற்குள் மகள் எழுந்துபோய் வாளிக்குள் கையை விட்டு, அந்தப் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"நாங்க செத்த வீட்ல இருக்கோம்," என்றாள். "பொறகு எடுங்க."